ஓ3 போட்டும் வேகமெடுக்காத ஆர்: ஒரு சோர்ஸ் பில்டின் முழுக் கதை

இரவு முழுக்க ஓடுகிற ஒரு பூட்ஸ்ட்ராப் வேலை. ஒரு ரிக்ரெஷன் மாடலை மறுமாதிரி எடுத்து எடுத்துப் பல ஆயிரம் தடவை பொருத்த வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மேட்ரிக்ஸ் கணக்கு, விடுபட்ட மதிப்புகள் எத்தனை என்று ஒரு எண்ணிக்கை, கடைசியில் ஒரு அட்டவணை. சர்வரில் இருந்தது லினக்ஸ் டிஸ்ட்ரிப்யூஷனோடு வந்த ஆர் (R), புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழி. "இது எந்த மெஷினிலும் ஓட வேண்டும் என்று பொதுவாகக் கம்பைல் செய்தது, நம் ப்ராசசருக்கென்றே சோர்ஸிலிருந்து கட்டினால் பறக்கும்" என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது, நடுவில் ஒரு தப்பான அட்டவணை வெளியே போகப் பார்த்தது. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆரின் சோர்ஸைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே மொழியில் எழுதிய சரக்கு இல்லை. இன்டர்ப்ரிட்டர் சி மொழியில், நேரியல் இயற்கணிதத்தின் பெரும்பகுதி ஃபோர்ட்ரானில், எல்எம் (ரிக்ரெஷன் பொருத்துவது) மாதிரி நாம் தினம் கூப்பிடும் ஃபங்ஷன்களின் மேல்பகுதி ஆரிலேயே. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களில் இதை ஆரம்பித்தபோதே, பெல் லேப்ஸில் 1976இல் பிறந்த எஸ் மொழியின் சாயலில்தான் செய்தார்கள்; கூடவே அந்தக் காலத்து ஃபோர்ட்ரான் ரொட்டீன்கள் உள்ளே வந்து உட்கார்ந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கம்பைலருக்கு நாம் கொடுக்கும் ஃப்ளாக் இந்த மூன்று அடுக்கில் எதைத் தொடுகிறது, எதைத் தொடவே தொடாது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

பில்ட் செய்வது கஷ்டமே இல்லை. கான்ஃபிகர், மேக், மேக் செக், மேக் இன்ஸ்டால், அவ்வளவுதான். கான்ஃபிகர் முதலில் ரீட்லைன் ஹெடர் இல்லை என்று நின்றது, அதைப் போட்டதும் எக்ஸ்11 இல்லை என்றது, அப்புறம் பிசிஆர்இ2, அப்புறம் கர்ல். ஒவ்வொன்றுக்கும் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஃப்ளாக்குகளை கான்ஃபிக்.சைட் ஃபைலில் எழுதி வைப்பது நல்லது, ஆறு மாதம் கழித்து என்ன போட்டுக் கட்டினோம் என்று மறந்துபோகும்போது அது ஒன்றுதான் சாட்சி. கம்பைலர் ஜிசிசி என்றால் ஆர் தானாக எடுத்துக்கொள்வது ஓ2, அதாவது கோடை வேகப்படுத்தக் கம்பைலர் எடுக்கும் முயற்சியின் இரண்டாம் மட்டம். நான் அதற்கு அடுத்த ஓ3யும், இந்த மெஷினின் ப்ராசசருக்கென்றே கட்டு என்னும் மார்ச்=நேட்டிவும் போட்டேன்.

இங்கேயே ஒரு சறுக்கல். பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து ஃபோர்ட்ரான் கம்பைலரை எஃப்77 என்ற மாறியில் கொடுத்திருந்தேன். ஆர் 3.6.0 முதல் அந்த மாறியை யாரும் பார்ப்பதே இல்லை, எஃப்சி தான் கணக்கு. கம்பைலர் இரண்டிலும் ஒன்றே என்பதால் பில்ட் நிற்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் ஃபோர்ட்ரானுக்கான ஃப்ளாக்கையும் அதே பழைய பழக்கத்தில் வேறு பெயரில் எழுதியிருந்ததால் சி பகுதி ஓ3யிலும் ஃபோர்ட்ரான் பகுதி ஓ2விலும் கட்டப்பட்டிருந்தது. கட்டி முடித்ததும் "ஆர் சிஎம்டி கான்ஃபிக் எஃப்ஃப்ளாக்ஸ்" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. நாம் கேட்டதும் அது கேட்டுக்கொண்டதும் ஒன்றா என்று இப்படிக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது தடவை ஒழுங்காகக் கட்டினேன். மேக் செக் சுத்தமாக முடிந்தது. பூட்ஸ்ட்ராப்பை ஓட்டினேன்.

அதே நேரம்தான் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும்படியாக ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரை எடுத்திருப்பான். நான் இன்னும் பெரிய ஃப்ளாக்கைத் தேடினேன்.

ஃபாஸ்ட் மேத்தும் காணாமல் போன ஓட்டைகளும்

ஓஃபாஸ்ட் என்று ஒன்று உண்டு. ஓ3யோடு ஃபாஸ்ட் மேத்தையும் (கணக்கு விதிகளைத் தளர்த்தி வேகம் தேடும் ஃப்ளாக்) சேர்த்தால் அதுதான். ஆர் மொத்தத்தையும் அதில் கட்டக் கூடாது என்ற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது, ஆருக்கு மிதவைப்புள்ளி எண்களின் தரமான ஐஇஇஇ 754படி கணக்கு சரியாக நடக்க வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. ஆனால் "நம்முடைய சொந்த பேக்கேஜுக்கு மட்டும் போட்டால் என்ன" என்று தோன்றியது. ஹோம் டைரக்டரியில் புள்ளி ஆர் ஃபோல்டருக்குள் மேக்வார்ஸ் என்ற ஃபைல் வைத்தால், அதில் உள்ள ஃப்ளாக் நாம் அதற்குப் பின் நிறுவும் எல்லா பேக்கேஜுக்கும் போய்ச் சேரும். எல்லாவற்றுக்கும், ஆம். அதையும் அப்போது யோசிக்கவில்லை.

நிறுவினேன், ஓட்டினேன். கொஞ்சம் வேகம் கூடிய மாதிரி இருந்தது. அட்டவணையைத் திறந்தால் "விடுபட்டவை" என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை 0, 0, 0. அந்தத் தரவை எனக்கு நன்றாகத் தெரியும், சல்லடை மாதிரி ஓட்டை உள்ள தரவு. வேறு யாராவது பார்த்திருந்தால் "அட, சுத்தமான தரவு" என்று சந்தோஷமாக அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

விடுபட்ட மதிப்பை ஆர் என்ஏ என்று குறிக்கும். ப்ராம்ப்டில் இஸ்.என்ஏ ஃபங்ஷனில் என்ஏ கொடுத்துப் பார்த்தேன், ட்ரூ. ஒரு எண்ணோடு சேர்த்து வெக்டராகக் கொடுத்தேன், அதுவும் சரி. அப்படியானால் ஆர் நன்றாக இருக்கிறது, கோளாறு என் பேக்கேஜில். என் பேக்கேஜில் விடுபட்ட மதிப்பை எண்ணும் வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது: ஒன்று நான் பழைய காலத்தில் சி மொழியில் எழுதியது, இன்னொன்று அப்புறம் சி++இல் எழுதியது. இரண்டிலும் ஒரே வரிதான், "ஐஎஸ்நேன் (நேன், அதாவது எண்ணே அல்லாத மதிப்பா) என்றால் எண்ணிக்கையைக் கூட்டு". சி++ ஃபங்ஷன் சரியான எண்ணிக்கையைத் தருகிறது, சி ஃபங்ஷன் 0 தருகிறது. ஒரே மெஷின், ஒரே ஃப்ளாக், ஒரே வரி.

இதில் அரை நாள் போனது. விடை ஆரின் சொந்த ஹெடர் ஃபைலில் இருந்தது. ஐஎஸ்நேன் என்பது ஒரு மேக்ரோ. சி கோடுக்கு அது கம்பைலரின் சொந்த இஸ்நேனாக விரிகிறது. சி++ கோடுக்கு ஆரின் லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதாக விரிகிறது. ஃபாஸ்ட் மேத் போட்டால் நாம் கம்பைலரிடம் கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று, "இந்த ப்ரோக்ராமில் நேனும் முடிவிலியும் வரவே வராது". வராத ஒன்றை எதற்குச் சோதிப்பது என்று கம்பைலர் அந்த இஃப் வரியையே தூக்கிவிட்டது. சி++ பக்கம் போன அழைப்பு, ஓஃபாஸ்ட் இல்லாமல் கட்டப்பட்ட ஆருக்குள் போய்விட்டதால் தப்பித்தது.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் சுவாரசியம். ஆரில் எண் வகை என்ஏ என்பது தனிப் பொருள் ஒன்றும் இல்லை, அது ஒரு நேன்தான். ஒரு நேனுக்குள் நாம் விரும்பியதை எழுதி வைக்க நிறைய பிட்டுகள் சும்மா கிடக்கின்றன. ஆர் அதன் கீழ்ப்பாதியில் 1954 என்ற எண்ணை எழுதி வைத்து, "இது வெறும் நேன் இல்லை, விடுபட்ட மதிப்பு" என்று அடையாளம் கண்டுகொள்கிறது. லாஜிக்கல் வகை என்ஏவும் முழு எண் வகை என்ஏவும் அப்படி இல்லை, இருப்பதிலேயே சிறிய முழு எண்தான் அவற்றுக்கு என்ஏ. அதனால் அவற்றை ஃபாஸ்ட் மேத் தொடாது. ப்ராம்ப்டில் வெறுமனே என்ஏ என்று அடித்தால் வருவது லாஜிக்கல் வகை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: யாராவது ஆரையே ஃபாஸ்ட் மேத்தில் கட்டிவிட்டு இஸ்.என்ஏ, என்ஏ என்று சோதித்துப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று நிம்மதி அடைந்தால், அவர் சோதித்தது உடையவே உடையாத இடத்தை. 1, என்ஏ என்று எண் வெக்டராகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

1954 என்ற அந்த எண் கணக்கு நடக்கும்போது பிழைத்திருப்பதே ப்ராசசரின் தயவில்தான். என்ஏவோடு 1 கூட்டினால் வன்பொருள் அந்த நேனின் உள்ளடக்கத்தை அப்படியே கடத்துகிறது. என்ஏவையும் நேனையும் கூட்டினால் எது மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை, அது ப்ளாட்ஃபார்மைப் பொறுத்தது என்று ஆரின் உதவிப் பக்கமே சொல்கிறது. கூட்டலில் எதை முதலில் வைப்பது என்பது கம்பைலரின் விருப்பமாக இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்.

மேக்வார்ஸிலிருந்து அந்த ஃப்ளாக்கை எடுத்தேன். அந்த ஃபைல் இருந்த மூன்று நாளில் நிறுவிய பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துத் திரும்ப நிறுவினேன். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் ஃபைல் சரி, ஆனால் உடைந்த பேக்கேஜ் அப்படியே லைப்ரரியில் உட்கார்ந்திருக்கும். லிங்க் ஃப்ளாக்கில் அதைச் சேர்க்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம். ஜிசிசி 13க்கு முந்தையவற்றில் ஃபாஸ்ட் மேத்தோடு லிங்க் செய்த ஒரு ஷேர்டு லைப்ரரியை லோட் செய்தாலே, மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் பயன்முறை அந்த ப்ராசஸ் முழுவதற்கும் இயக்கப்பட்டுவிடும். யாரோ ஒருவரின் பேக்கேஜை லோட் செய்ததும் சம்பந்தமே இல்லாத இன்னொரு கணக்கு மாறுகிறது. அதைத் துப்பறிவதற்கு அரை நாள் போதாது.

ஒருவழியாக ப்ரொஃபைலர்

நான்காம் நாள் ஆர்ப்ரொஃப் போட்டு ஓட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

எல்எம் ஃபங்ஷனுக்குள் போகும் நேரத்தில் பெரும்பங்கு கணக்குக்குப் போகவே இல்லை. ஃபார்முலாவைப் பிரிப்பது, மாடல் ஃப்ரேம் கட்டுவது, மாடல் மேட்ரிக்ஸ் கட்டுவது, பெயர்களை ஒட்டுவது. எல்லாம் ஆரில் எழுதிய ஆர் கோடு, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப அதே வேலை. 2017இல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்து ஆர் ஃபங்ஷன்கள் தானாகவே பைட்கோடாகின்றன, அதுவே ஒரு பெரிய உதவி. ஆனால் அந்த பைட்கோடை ஓட்டும் சி லூப்பின் நேரம் பொருள்களை ஒதுக்குவதிலும் குப்பை அள்ளுவதிலும் பாயின்டர் பின்னால் ஓடுவதிலும் போகிறது. வெக்டரைஸ் செய்ய, அதாவது பல எண்களை ஒரே அடியில் கணக்கிட, அங்கே என்ன இருக்கிறது? ஓ3 பாவம், அதன் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை.

கணக்கு நடக்கும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சம், மீன், ரோசம்ஸ், கோவேரியன்ஸ் எல்லாம் உள்ளே லாங் டபுளில் கூட்டுகின்றன. x86 ப்ராசசரில் அது 80 பிட் எண், பழைய எக்ஸ்87 யூனிட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே கூட்ட முடியும். பல எண்களை ஒன்றாகக் கையாளும் ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டர் எவ்வளவு அகலம் இருந்தாலும் அங்கே அதற்கு வேலையில்லை. துல்லியத்துக்காகத் தெரிந்தே செய்த ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. எக்ஸ்ப், லாக் எல்லாம் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியிலிருந்து வருகின்றன, 2.27 பதிப்பிலிருந்து அது ஓடும் நேரத்திலேயே ப்ராசசரைப் பார்த்து எஃப்எம்ஏ (பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்வது) உள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது, ஆரை எப்படிக் கம்பைல் செய்தோம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஜிசிசி 12 முதல் ஓ2விலேயே ஓரளவு வெக்டரைசேஷன் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஓ2விலிருந்து ஓ3க்குப் போய் எனக்கு ஒன்றும் கிடைக்காததில் ஆச்சரியமே இல்லை.

மிச்சம் இருந்தது மேட்ரிக்ஸ் கணக்கு. இங்கேதான் என் நம்பிக்கையின் சரியான பாதி.

வேறு எதையும் சொல்லாமல் கட்டினால் ஆர் தன்னோடு வரும் ரெஃபரன்ஸ் பிளாஸை (அடிப்படை மேட்ரிக்ஸ், வெக்டர் கணக்குகளுக்கான லைப்ரரி) எடுத்துக்கொள்ளும். அது சரியான விடை தருவதற்காக எழுதியது, வேகத்துக்காக அல்ல. 2000க்கு 2000 மேட்ரிக்ஸ் இரண்டைப் பெருக்கினால் சுமார் 1600 கோடி கூட்டல் பெருக்கல்கள். ஏவிஎக்ஸ்2வும் இரண்டு எஃப்எம்ஏ யூனிட்டும் உள்ள ஒரு கோர், ஒரு சுழற்சிக்கு 16 செய்யும், 3 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 4800 கோடி. அதாவது காகிதத்தில் மூன்றில் ஒரு நொடி. ஆனால் அந்த ஒவ்வொரு மேட்ரிக்ஸும் 32 மெகாபைட், கேஷில் முழுதாக உட்காராது. எளிய மூன்றடுக்கு லூப் ஒவ்வொரு முறையும் மெமரிக்கு ஓடி ஓடி வரும், யூனிட்டுகள் பெரும்பாலான நேரம் சும்மா காத்திருக்கும். ஓப்பன்பிளாஸ், எம்கேஎல் மாதிரி லைப்ரரிகள் மேட்ரிக்ஸைக் கேஷுக்குப் பொருந்தும் துண்டுகளாக வெட்டி, உள் லூப்பை ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கின்றன. ரெஃபரன்ஸ் ஃபோர்ட்ரானை ஓ3யில் கம்பைல் செய்வதால் அந்த வெட்டு தானாக வந்துவிடாது.

ஓப்பன்பிளாஸோடு சேர்த்துக் கட்டினேன். பெருக்கல், க்ராஸ்ப்ராட், சால்வ், எஸ்விடி எல்லாம் இது வேறு மெஷினோ என்று சந்தேகப்படும் அளவுக்கு மாறின. செஷன்இன்ஃபோவில் பிளாஸ், அதன் மேல் கட்டிய நேரியல் இயற்கணித லைப்ரரியான லாபேக் இரண்டின் பாதையும் தெரியும், எது லிங்க் ஆகியிருக்கிறது என்று அங்கே பார்த்துவிடலாம்.

எம்கேஎல் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காம்ப்ளெக்ஸ் எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்களுக்கு ஜிஃபோர்ட்ரான் ஒரு மரபும் இன்டெல் ஃபோர்ட்ரான் வேறு மரபும் வைத்திருக்கின்றன, அதனால் எம்கேஎல்லிலும் இரண்டு இன்டர்ஃபேஸ் லைப்ரரிகள் உண்டு. தப்பானதை லிங்க் செய்தால் சாதாரண எண்களில் எல்லாம் சரியாக இருக்கும், காம்ப்ளெக்ஸ் வந்ததும் குப்பை வரும். கான்ஃபிகர் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறது, அந்த வரி "நோ" என்றால் மேலே போகாதீர்கள்.

சி பக்கமிருந்து ஃபோர்ட்ரானைக் கூப்பிடுவதில் 2019இல் நடந்ததும் இதே ரகம். ஃபோர்ட்ரான் ஃபங்ஷனுக்கு எழுத்துச் சரம் அனுப்பினால் அதன் நீளத்தையும் மறைமுகமாகக் கடைசியில் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒற்றை எழுத்துதானே என்று சி ப்ரோக்ராம்கள் பல பத்தாண்டுகளாக அந்த நீளத்தை அனுப்பாமலே லாபேக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன, ஆரும்தான், ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடத்து ஜிஃபோர்ட்ரான் வெளியீடுகளில் டெயில் கால் ஆப்டிமைசேஷன் (ஒரு ஃபங்ஷனின் கடைசி அழைப்பை அதே ஸ்டாக் இடத்திலேயே நடத்துவது) கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது, அனுப்பாத நீளத்துக்கான ஸ்டாக் இடத்தில் எழுத ஆரம்பித்தது, கணக்குகள் உடைந்தன. ஆர் தரப்பில் முதலில் அந்த ஆப்டிமைசேஷனை நிறுத்தும் ஃப்ளாக்கைச் சேர்த்தார்கள், பிறகு அழைப்புகளிலேயே நீளத்தையும் அனுப்பும்படி திருத்தினார்கள். ஓ3, ஓஃபாஸ்ட் எதுவுமே இல்லாமல், வெறும் ஓ2வில் நடந்த விஷயம் இது.

சரி, என் பூட்ஸ்ட்ராப்புக்கு வருவோம். ஓப்பன்பிளாஸ் போட்டதும் மேட்ரிக்ஸ் வேலைகள் பறந்தன, எல்எம் மட்டும் நகரவில்லை. ஏனென்றால் எல்எம் லாபேக்கைக் கூப்பிடுவதே இல்லை! அது பயன்படுத்துவது டிக்யூஆர்டிசி2 என்கிற, லாபேக்குக்கு முந்தைய, 1970களின் லின்பேக் லைப்ரரியிலிருந்து ஆருக்காக மாற்றிய க்யூஆர் ரொட்டீன். ஒன்றையொன்று சார்ந்த நிரல்களை வரிசையைக் கலைக்காமல் கடைசிக்குத் தள்ளும் தனிப் பழக்கம் அதற்கு உண்டு, சம்மரியில் என்ஏ என்று வரும் கோஎஃபிஷியன்ட்டுகள் அப்படி வருபவை, அதனால்தான் அதை விடவும் முடியவில்லை. ஆனால் அது நிரல் நிரலாக, வெக்டர் மட்டத்துப் பிளாஸை மட்டுமே கூப்பிடுகிறது, அந்த மட்டத்தில் ஓப்பன்பிளாஸுக்குப் பெரிதாகக் காட்ட வித்தை இல்லை.

அப்புறம் செய்தது ஒரே காரியம். மாடல் மேட்ரிக்ஸை லூப்புக்கு வெளியே ஒரு தடவை கட்டினேன், உள்ளே வரிசைகளை மட்டும் மறுமாதிரி எடுத்து, முன்னால் புள்ளி உள்ள புள்ளி-எல்எம்-ஃபிட் ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். அதே க்யூஆர்தான், மேல்பூச்சு எதுவும் இல்லாமல். க்ராஸ்ப்ராட் போட்டு சொலெஸ்கியில் தீர்த்தால் இன்னும் வேகம்தான், பிளாஸின் முழு பலனும் கிடைக்கும், ஆனால் அது மேட்ரிக்ஸின் கண்டிஷன் எண்ணை (பிழை எவ்வளவு பெருகும் என்பதன் அளவு) வர்க்கமாக்கும், என் தரவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே போகும் இரண்டு நிரல்கள் உண்டு, அதனால் துணியவில்லை. இரவு முழுக்க ஓடிய வேலை, காலையில் ஆரம்பித்து மதியத்துக்கு முன் முடிந்தது. கம்பைலரைத் தொடாமல்.

த்ரெட் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எம்சிலாப்ளை போட்டு கோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ராசஸ் கிளப்பினால், ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் ஓப்பன்பிளாஸ் கோர் எண்ணிக்கை அளவுக்கு த்ரெட் கிளப்பும், 16 கோரில் 256 த்ரெட் முட்டிமோதும். வெளியே பேரலல் என்றால் உள்ளே ஓப்பன்பிளாஸின் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கிவிட வேண்டும்.

வேறு மெஷினில்

எல்லாம் முடிந்தது என்று வேலையை க்யூவில் போட்டேன், பாதி ஓடியது, பாதி "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று செத்தது. நேட்டிவ் என்றால் கட்டிய மெஷினுக்கு நேட்டிவ். கட்டிய மெஷினில் ஏவிஎக்ஸ்-512 உண்டு, க்யூவில் இருந்த பழைய மெஷின்களில் கிடையாது. ஸ்டார்ட் ஆகும்போதே செத்திருந்தால் பரவாயில்லை, ஆர் திறக்கும், பேக்கேஜ் லோடாகும், அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கும் ஃபங்ஷனுக்கு வரும்போதுதான் விழும், அது ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம். நேட்டிவை எடுத்துவிட்டு எக்ஸ்86-64-வி3 என்று போட்டேன். ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ வரைக்கும் உள்ள பொதுத் தளம் அது, ஜிசிசி 11 முதல் இந்தப் பெயரைப் புரிந்துகொள்ளும். ஓப்பன்பிளாஸை டைனமிக் ஆர்க் முறையில் கட்டியிருந்தால் அது தானே மெஷினைப் பார்த்துக்கொள்ளும், ஏவிஎக்ஸ்-512 தேவைப்படும் இடமும் அது ஒன்றுதான்.

அப்புறம் கடைசி இடறல், இது சின்னதுதான் ஆனால் எனக்குப் பிடித்தது. ஒரே சீட் (தற்செயல் எண் வரிசையின் தொடக்க எண்) கொடுத்து டிஸ்ட்ரிப்யூஷன் ஆரிலும் என் ஆரிலும் ஓட்டிய முடிவுகளை ஐடென்டிகல் போட்டு ஒப்பிட்டேன், ஃபால்ஸ். ஆல்.ஈக்வல் போட்டால் ட்ரூ. திரையில் ஏழு இலக்கம் வரை அச்சு அசல் ஒன்றே. ஆல்.ஈக்வல் சுமார் 1.5 பெருக்கல் 10 அடுக்கு மைனஸ் 8 வரை பொறுத்துக்கொள்ளும், அதனால் அதற்குத் தெரியவில்லை.

காரணம் எஃப்எம்ஏ. பெருக்கிக் கூட்டுவதை ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில், நடுவில் முழுமையாக்கல் இல்லாமல் செய்வது. அதிகத் துல்லியம்தானே, நல்லதுதானே என்றால், இதைப் பாருங்கள். இரண்டு மாறிகளிலும் 0.1 இருக்கும்போது ஒன்றின் வர்க்கத்திலிருந்து மற்றதன் வர்க்கத்தைக் கழித்தால் 0 வர வேண்டும். சி கோடில் ஒரே வரியில் எழுதி எஃப்எம்ஏவோடு கம்பைல் செய்தால், ஒரு பெருக்கல் முழுமையாக்கப்பட்டும் இன்னொன்று முழுமையாக்கப்படாமலும் கழிக்கப்பட்டு, 8.3 பெருக்கல் 10 அடுக்கு மைனஸ் 19 என்று ஒரு துணுக்கு மிஞ்சும். எந்தப் பெருக்கலைக் கம்பைலர் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அது நேர்க்குறியாகவோ எதிர்க்குறியாகவோ இருக்கும். எதிர்க்குறியாக இருந்து அதற்கு மேல் வர்க்கமூலம் எடுத்தால் நேன். ஆர் ப்ராம்ப்டில் இதைச் செய்து பார்த்தால் ஒழுங்காக 0 வரும், ஏனென்றால் இன்டர்ப்ரிட்டர் ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகச் செய்கிறது, கம்பைலரால் அவற்றை ஒட்ட முடியாது. சி, ஃபோர்ட்ரான் உள்ளே மட்டும்தான் இந்த வேலை. எஃப்எம்ஏ உள்ள ப்ராசசருக்கென்று சொல்லிவிட்டால் ஜிசிசி கேட்காமலே இப்படி ஒட்டும், வேண்டாம் என்றால் எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். வேகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை, பிளாஸ் எப்படியும் தன் எஃப்எம்ஏவைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

இடையில் இன்டெல்லின் கம்பைலரிலும் ஒருமுறை கட்டினேன். பழைய ஐசிசி 2024.0 வெளியீட்டோடு நின்றுவிட்டது, இப்போது இருப்பது எல்எல்விஎம் அடிப்படையிலான ஐசிஎக்ஸ். அதன் இயல்பு நிலையே வேக மிதவைப்புள்ளி மாடல், ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, அதனால் முதல் வேலையாக எஃப்பி-மாடல் ப்ரிசைஸ் என்று போட வேண்டும். ஆரின் கையேடும் பழைய இன்டெல் கம்பைலர்களுக்கு இதையேதான் சொல்லியிருந்தது. ஓஃபாஸ்டில் சூடு பட்டவன் என்பதால் அதை மறக்கவில்லை. மேக் செக் பாஸ். பூட்ஸ்ட்ராப் ஜிசிசி பில்டோடு ஒட்டி ஓடியது, முந்துவதற்குக் காரணமும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு, ஒரு அரிப்பில், திருத்திய ஸ்கிரிப்டைப் பழைய டிஸ்ட்ரிப்யூஷன் ஆரிலேயே ஓட்டிப் பார்த்தேன். பிளாஸை மட்டும் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸில் ஓப்பன்பிளாஸுக்கு மாற்றினேன், ஒரே கமாண்ட், ஆரைக் கம்பைல் செய்யவே தேவையில்லை. என் பில்ட் எடுத்துக்கொண்ட அதே நேரத்தில் அதுவும் முடித்தது. என் பில்ட் இன்னும் சர்வரில் ஓப்ட் டைரக்டரிக்குக் கீழே இருக்கிறது. கான்ஃபிக்.சைட்டும் பக்கத்தில் இருக்கிறது. மேக்வார்ஸும் அதன் இடத்தில் இருக்கிறது, ஓஃபாஸ்ட் என்று எழுதிய வரியை அழிக்காமல் முன்னால் ஒரு ஹாஷ் போட்டு, "இதை எடுத்ததற்குக் காரணம் விடுபட்டவை நிரல், 0" என்று ஒரு குறிப்போடு.